சின்னப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு: சொல்லிக்கொடுத்தவர்கள் அனுபவம்

நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆசிரியை:

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு எடுக்கிறேன். எங்கள் பக்கம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் பிரெஞ்சு நடத்துகிறார்கள். நான் தமிழ் வழியாகப் போகிறேன். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

முதலில் ஒலி. ரொட்டிக்கு பிரெஞ்சில் 'பேன்' மாதிரி ஒரு சொல். ஆனால் கடைசி 'ன்' நாக்கில் படாது, 'ஏ' மூக்கு வழியாக வரும். பெரியவர்களுக்கு இதைப் பழக்க நாளாகும். பிள்ளைகளிடம், "வீட்ல அம்ம விளிச்சா என்ன சொல்லுவ?" என்று கேட்பேன். "வாறேன்" என்பார்கள். வேகமாகச் சொல்லும்போது அதன் முடிவில் வருகிற மூக்கொலிதான் இது. அப்புறம் 'நீ' என்பதற்கான 'த்யு'. 'ஈ' சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்கச் சொன்னால் போதும். வகுப்பே சிரிக்கும், ஒலியும் வந்துவிடும்.

நீ, நீங்கள் வித்தியாசத்துக்குப் பாடமே தேவைப்படவில்லை. தோழிக்கு 'த்யு', பெரியவர்களுக்கு 'வூ' என்றதும் ஒரு சிறுமி, "ஹெச்.எம்.மை யாராவது நீன்னு சொல்லுவாங்களா மிஸ்?" என்று கேட்டாள். இதையே ஆங்கிலம் வழியாகச் சொல்லப் போனால் எவ்வளவு சுற்ற வேண்டும்!

தமிழ் கைகொடுக்காத இடம் பால். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். "ஏன் மிஸ்?" என்ற கேள்வி வராத வருஷம் இல்லை. காரணம் தேட வேண்டாம், 'லா தாப்ல்', 'ல லீவ்ர்' என்று முன்னால் வரும் 'லா', 'ல'வோடு சேர்த்து ஒரே சொல்லாகப் பழகுங்கள் என்பேன். சிவப்பு அட்டை, நீல அட்டை வைத்து விளையாடுவோம்.

எண்களுக்கு வடசேரி சந்தை விளையாட்டு. 70 என்பது அறுபதும் பத்தும், 80 என்பது நான்கு இருபது, 99 என்பது நான்கு இருபதும் பத்தொன்பதும். மட்டிப்பழத்துக்கு விலை சொல்லிச் சொல்லியே கூட்டலும் பெருக்கலும் ஓடும். கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதில் முந்திவிடுகிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

தக்கலையிலிருந்து ஓர் அம்மா:

மகள் பிரெஞ்சு படிக்க ஆரம்பித்த பிறகு புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போயிருந்தோம். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பின்னால் திருவிதாங்கூர் படையையே பயிற்றுவித்த டிலனாய் கல்லறை அங்கேதான். கல்வெட்டில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. டச்சுக் கம்பெனிக்காரர் என்றாலும் அவர் பிறந்த அராஸ் நகரம் இன்றைய பிரான்சில் இருக்கிறது. மகள் அந்தப் பெயரை 'து லன்வா' என்று வாசித்துக் காட்டினாள். நம்மூர் வரலாற்றை இப்படியும் வகுப்புக்குள் கொண்டுவரலாமே டீச்சர்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்:

நல்ல யோசனை, நானும் கூட்டிப்போகிறேன். எழுத்தை எப்போது ஆரம்பிக்கிறீர்கள் டீச்சர்? என் வகுப்பில் புத்தகத்தைத் திறந்ததுமே ஆங்கிலம் மாதிரி வாசிக்கிறார்கள்.

நாகர்கோவில் ஆசிரியை:

தக்கலை அம்மா, அடுத்த சுற்றுலா உதயகிரிக்குத்தான்! சாருக்கு: முதல் பருவம் முழுக்கக் காதும் வாயும் மட்டும். நோட்டு கிடையாது. பெற்றோர் கேட்பார்கள், பொறுமையாக விளக்குங்கள். எழுத்து வந்ததும், சொல்லின் கடைசியில் ஒலிக்காத மெய்யைப் பென்சிலால் லேசாக அடிக்கச் சொல்லுங்கள். சி, ஆர், எஃப், எல் நான்கும் பெரும்பாலும் ஒலிக்கும், அவற்றை அடிக்காமல் விட்டுவிடலாம். ஆனால் 'இஆர்' (er) என்று முடியும் வினைச்சொற்களில் ஆர் ஒலிக்காது, அதைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.