மெத்தடோன் குடிக்கும் தம்பியை ஆய்வில் சேர்க்கலாமா?

ஜெலுத்தோங் மலர்:
வணக்கம். என் தம்பிக்கு 34 வயது. பதினொரு வருடம் ஹெராயினில் போனது. இப்போது இரண்டு வருடமாக இங்கே பினாங்கில் அரசாங்க கிளினிக்கில் மெத்தடோன் குடிக்கிறான், ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்து. காலை எட்டு மணிக்கெல்லாம் போய் வரிசையில் நிற்பான். மருந்தகத்தில் சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பார்கள். அவர்கள் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். மேலே தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு வார்த்தை பேசியும் காட்ட வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக்கூடாது, அதற்குத்தான். அப்புறம் நேரே வேலைக்குப் போவான்.

போன வாரம் அங்கே ஓர் ஆய்வுக் குழு வந்திருக்கிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகமும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்கிறார்களாம். ஆறு மாதம். மாதம் ஒரு தடவை பேட்டி, சிறுநீர். இரண்டு தடவை இரத்தம். வந்து போகும் செலவுக்குக் கொஞ்சம் பணம் தருவார்கள். அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார், எல்லாம் போலீஸ் கைக்குப் போய்விடும் என்று பயம். தம்பியோ, "நீ சொல்லு அக்கா" என்று என்னைப் பார்க்கிறான். படிவம் மலாயில் ஒன்பது பக்கம் இருக்கிறது. சேர்க்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் கணேசன்:
வேண்டாம் தங்கச்சி. கோலாலம்பூரில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சமையல், காவல், ஆலோசனை என்று பதினெட்டு வருடம் எல்லா வேலையும் பார்த்தவன் நான். அதற்குள் நான்கு ஆய்வுக் குழுக்கள் வந்து போயின. பையன்களை உட்கார வைத்து, முதல் ஊசி எப்போது, யார் போட்டுவிட்டது, யாரோடு படுத்தாய் என்று ஒன்று விடாமல் கேட்டார்கள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் தவித்த பையன் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தது நான். அவர்கள் ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். முடிவு என்ன என்று ஒருவர்கூடத் திரும்பி வந்து சொல்லவில்லை. கட்டுரை வெளிவந்த விஷயமே மூன்று வருடம் கழித்து அடுத்த குழு வந்தபோதுதான் எனக்குத் தெரியும்.

மூவாரில் நடந்த சோதனையைப் பற்றியும் தெரிந்துகொள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தாரும் இங்குள்ள மருத்துவரும் சேர்ந்து செய்தது, 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஹெராயினை நிறுத்தி உடம்பு தெளிந்த 126 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஹெராயின் ஏக்கத்தை அடக்கும் பூப்ரெனோர்ஃபின், இன்னொன்றுக்கு ஹெராயின் போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன். மூன்றாவது பிரிவில் 39 பேர். அவர்களுக்குக் கொடுத்தது மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. அந்த 39 பேரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே? உன் தம்பி அந்த 39இல் ஒருவனாக இருந்தால் சம்மதிப்பாயா?

மிண்டன் தேவி:
கணேசன் அண்ணே, நான் ஆறு வருடம் கள உதவியாளராக வேலை செய்தவள். முடிவைத் திரும்பி வந்து சொல்லாதது எங்கள் பக்கத்துத் தவறு. அதற்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மூவார் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். மூன்று பிரிவுக்கும் ஆலோசனை உண்டு, அந்த 39 பேரையும் சும்மா விடவில்லை. பாதுகாப்புக்காக இடையில் கணக்குப் பார்த்தபோது பூப்ரெனோர்ஃபின்தான் நன்றாக வேலை செய்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. உடனே சோதனையை அத்தோடு நிறுத்தினார்கள். மருந்தில்லா மாத்திரைக்கும் நால்ட்ரெக்ஸோனுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. அது சின்ன விஷயமா அண்ணே? "மனசு வைத்தால் விட்டுவிடலாம்" என்று நாம் எல்லோரும் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 2002இல் மட்டும் மலேசியாவில் 6,978 பேருக்குப் புதிதாக எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலானோர் ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள். மெத்தடோன் அரசாங்கத் திட்டமாக வந்ததே 2005இல்தான். ஊசி மாற்றித் தரும் திட்டம் 2006இல். மலர் அக்காவின் தம்பி இன்று குடிக்கும் கோப்பைக்குப் பின்னால் இப்படி எத்தனையோ பேர் கொடுத்த இரத்தமும் சிறுநீரும் இருக்கின்றன.

வெள்ளைக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போவது மட்டும்தான் கூட்டு ஆய்வு என்றும் நினைக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் எவ்வளவு என்று 1970களிலேயே இங்கே ஆராய்ந்தவர் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை (யூஎஸ்எம்) சேர்ந்த வி. நவரத்தினம். கூட வேலை செய்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்து ஸ்பென்சர். இன்று கெத்தும் என்ற போதை தரும் இலையைப் பற்றி உலகம் முழுக்க எடுத்துக் காட்டும் ஆய்வுகள் பலவற்றில் விக்னசிங்கம் பெயர் இருக்கும். அவரும் யூஎஸ்எம்தான்.

பிறை முத்தையா:
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். எனக்கு இரண்டு தரப்பிலும் உடன்பாடில்லை. ஆராய்ச்சி என்ற பெயரில் இவர்களை நோயாளி, நோயாளி என்று சொல்லிச் சொல்லியே தடவிக்கொடுக்கிறோம். பிடித்து மறுவாழ்வு மையத்தில் இரண்டு வருடம் போடு. காலையில் எழுப்பு, வேலை கொடு, பிரார்த்தனை செய்ய வை. தெளிவான். 1983ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையைக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பது என்ன வைத்தியம்?

பட்டர்வொர்த் சரசு:
ஐயா, என் வீட்டுக்காரரை இரண்டு தடவை அப்படிப் போட்டார்கள். முதல் தடவை வெளியே வந்த அன்றைக்குக் கோழிக்கறி சமைத்தேன். உடம்பு தேறி, கன்னம் வைத்து, பார்க்கவே நன்றாக இருந்தார். பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது வாரம் வீட்டு கேஸ் தோம்பைக் காணோம். இரண்டாவது தடவை அவ்வளவு நாள்கூடத் தாங்கவில்லை. அவருக்கு மனசில்லை என்று சொல்லாதீர்கள். அழுதுகொண்டேதான் போய் வாங்கினார். எனக்குத் தெரியும், நான் பார்த்தேன்.

மிண்டன் தேவி:
சரசு அக்கா சொன்னதை அளந்தே பார்த்திருக்கிறார்கள் ஐயா. மலாயாப் பல்கலைக்கழகமும் யேலும் சேர்ந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் செய்த ஆய்வு, 2017இல் வந்தது. கட்டாய மையத்திலிருந்து வெளியே வந்த 89 பேர் ஒரு பக்கம், தானாக வந்து மெத்தடோன் சிகிச்சை பெற்ற 95 பேர் இன்னொரு பக்கம். கட்டாய மையத்துக்காரர்களில் பாதிப் பேர் 31 நாளுக்குள் மறுபடி தொட்டுவிட்டார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் தொடுவதற்கு 352 நாள் ஆனது.

செந்தூல் கணேசன்:
இந்தக் கணக்கை என்னிடமும் காட்டினார்கள் தேவி. தானாக வருகிறவன் விட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வருகிறான். இழுத்துக்கொண்டு போனவன் அப்படியா? இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்கலாமா? முத்தையா ஐயா சொல்வதை நான் ஏற்கவில்லை, சரசு சொல்வதே உண்மை. ஆனால் எண் என்றாலே வாயடைத்துப் போய்விடக் கூடாது.

மிண்டன் தேவி:
சரியான கேள்வி. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை அது, உண்மைதான். அதனால்தான் வயது, பழக்கத்தின் தீவிரம் போன்ற வித்தியாசங்களைக் கணக்கில் சேர்த்து மறுபடி பார்த்தார்கள். அப்போதும் தானாக வந்தவர்களுக்கு மறுபடி விழும் ஆபத்து 84 விழுக்காடு குறைவாக இருந்தது. மனசு என்ற ஒன்றை முழுசாக அளக்க முடியாது, நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 31க்கும் 352க்கும் உள்ள தூரத்தை மனசு ஒன்றே நிரப்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிபோங் திபால் ரவி:
லோரி ஓட்டுகிறேன். கெத்தும் தண்ணீர் குடித்தவன், ஒளிக்காமல் சொல்கிறேன். இராத்திரி ஓட்டத்துக்கு உடம்பு வலி தெரியாது, தூக்கம் வராது என்றுதான் ஆரம்பித்தேன். கஞ்சி மாதிரிக் காய்ச்சி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பார்கள். கசப்பு தொண்டையில் நிற்கும். இலைதானே, இயற்கைதானே என்று நினைத்தேன். ஒரு நாள் கிடைக்காமல் போனபோது மூக்கு ஒழுகி, கால் மூட்டெல்லாம் குத்தி, கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அன்றைக்குத்தான் பயந்தேன்.

ஒரு ஆய்வுப் பேட்டிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் தமிழில் கேட்டாள். திட்டவில்லை. எத்தனை குவளை, எத்தனை மணிக்கு, நிறுத்தினால் உடம்பு என்ன செய்கிறது என்று கேட்டாள். என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அதற்குத்தான் நான் ஆய்வுப் பக்கம் பேசுகிறேன்.

மிண்டன் தேவி:
ரவி அண்ணே, நீங்கள் சொன்ன மூட்டு வலியும் மூக்கொழுகலும் அப்படியே ஆய்விலும் வந்திருக்கின்றன. 2014இல் தர்ஷன் சிங், ஜெர்மனியின் முல்லர், விக்னசிங்கம் மூவரும் 293 கெத்தும் பயனாளிகளிடம் கேட்டு எழுதினார்கள். ஆறு மாதத்துக்குமேல் குடித்தவர்களில் பாதிக்குமேல் கடுமையாக அடிமைப்பட்டிருந்தார்கள். அவர்களில் தர்ஷன் சிங்கும் விக்னசிங்கமும் இருந்த குழுவினர்தான் 26 ஆண்களின் கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைக்கச் சொல்லி, கெத்தும் குடித்த பிறகு வலி தாங்கும் நேரம் கூடுகிறது என்றும் 2020இல் காட்டினார்கள். அதில் யேல் ஆளும் உண்டு. கெடுதல் என்றால் கெடுதல், பலன் என்றால் பலன், இரண்டையும் ஒரே ஆட்கள் எழுதுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிது.

செந்தூல் கணேசன்:
அப்படியானால் சுபுதெக்ஸைப் பற்றியும் சொல். மருந்து என்று வந்த பூப்ரெனோர்ஃபின் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினார்களே. சௌக்கிட் சந்துகளில் கால் வீங்கி, கை அழுகி உட்கார்ந்திருந்த பையன்களை நான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். ஊசியில் ஏற்றினால் வேலை செய்யாதபடி நாலோக்ஸோன் கலந்திருக்கிறோம், இனிப் பிரச்சினை இல்லை என்றார்கள். ஏற்றத்தான் செய்தார்கள்.

மிண்டன் தேவி:
ஆமாம் அண்ணே. கலந்த பிறகும் ஊசி ஏற்றுவது குறையவில்லை என்று 2009இல் அச்சில் எழுதியவர்கள் யார் தெரியுமா? கோலாலம்பூரில் ஊசி ஏற்றியவர்களைப் பேட்டி எடுத்த மலேசிய, அமெரிக்கக் கூட்டுக் குழு. அந்தப் பையன்கள் வாய் திறந்ததால்தான் அது வெளியே தெரிந்தது.

செந்தூல் கணேசன்:
அது எனக்குத் தெரியாது. படிக்கிறேன். ஆனால் என் கேள்வி மாறவில்லை. அவர்கள் வாய் திறந்தார்கள், சரி. அவர்களிடம் யார் போய்ச் சொன்னது?

ஜெலுத்தோங் மலர்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவின் பயத்துக்கு யாராவது பதில் சொல்லுங்கள். சிறுநீரில் ஏதாவது தெரிந்தால் போலீசுக்குப் போகுமா?

மிண்டன் தேவி:
நான் வேலை செய்த ஆய்வுகளில் சிறுநீர்ப் புட்டியில் பெயர் ஒட்ட மாட்டோம், எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாகப் பூட்டியிருக்கும். இங்கே எப்படி என்று வாயால் சொன்னால் போதாது, படிவத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கும், எத்தனை வருடத்தில் அழிப்பார்கள் என்றும் கேளுங்கள். நடுவில் விலகினால் மெத்தடோன் நிற்குமா என்று கட்டாயம் கேளுங்கள். நிற்கக்கூடாது. நிற்கும் என்று யாராவது சாடையாகச் சொன்னால்கூடக் கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்னொன்று, தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தடவை படிவத்தைத் தமிழாக்கினோம். மருந்தில்லாத மாத்திரைக்கு "போலி மருந்து" என்று எழுதியிருந்தது. ஒரு பெரியவர் படித்துவிட்டு, "கள்ள மருந்தா கொடுக்கப் போறீங்க?" என்று எழுந்து போய்விட்டார். அவர் கேட்டது நியாயம். அந்த இரவே உட்கார்ந்து "மருந்து சேர்க்காத மாத்திரை, பார்க்க ஒரே மாதிரி இருக்கும்" என்று மாற்றினோம்.

பிறை முத்தையா:
சரசு எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கட்டுப்பாடு வேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் என்னிடம் படித்த ஒரு பையனும் அப்படித்தான், மையத்திலிருந்து வந்த மறு மாதமே பழைய பழக்கத்துக்குப் போய்விட்டான். நான் அவனைத்தான் குறை சொன்னேன். அந்த 31 நாள் கட்டுரையைத் தமிழில் யாராவது சுருக்கித் தந்தால் எங்கள் கோயில் கூட்டத்தில் வாசிக்கிறேன்.

மிண்டன் தேவி:
நான் எழுதித் தருகிறேன் ஐயா. ஞாயிற்றுக்கிழமைக்குள்.

ஜெலுத்தோங் மலர்:
இன்று காலை தம்பியோடு நானும் போனேன். சாவி குழுத் தலைவரிடம், ஐந்து வருடத்தில் அழிப்பார்கள், ஆறாவது பக்கத்தில் இருந்தது. விலகினாலும் மெத்தடோன் நிற்காது, அது இரண்டாவது பக்கத்தில். மருந்து எதுவும் மாற்றிக் கொடுக்கும் சோதனை இல்லை, பேட்டியும் பரிசோதனையும் மட்டும்தான். மூன்றாவது கேள்வியைத் தம்பியே கேட்டான், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. "முடிவு வந்ததும் எங்களுக்கு யார் வந்து சொல்வாங்க?" அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அதற்கு ஏற்பாடு எதுவும் எழுதவில்லை, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். தம்பி படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுகிறானாம். வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செந்தூல் கணேசன்:
நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். என்ன பதில் வந்தது என்று வியாழக்கிழமை இங்கேயே எழுது தங்கச்சி.