கிரிஃபினின் இறக்கையை எங்கே பொருத்துவது?

என் கதைக்காக ஒரு கிரிஃபின் வரைகிறேன். கழுகின் தலை, முன்கால், இறக்கை, பின்பாதி சிங்கம். மூன்று வாரமாக இறக்கையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நிற்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. பறக்கவிட்டால், இறக்கை கீழே வரும்போது முன்கால் முட்டியில் இடிக்கிறது.

பறவையின் பறக்கும் தசை, நெஞ்செலும்பின் நடுவே கத்திபோல் துருத்தும் மேட்டில் பிடித்திருக்கும். அதே இடத்தில்தான் முன்கால் தசையும் வந்து உட்காருகிறது. நான்கு கால், இரண்டு இறக்கை என ஆறு உறுப்புள்ள முதுகெலும்பு விலங்கு எதுவும் இல்லாததால், பார்த்து வரையவும் வழியில்லை.

தோள்பட்டை எலும்பை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வைத்தேன், முதுகு கூனிவிட்டது. இறக்கையை இடுப்புப் பக்கம் தள்ளினேன், முன்பாரம் கூடிக் கவிழ்வதுபோல் தெரிகிறது. அப்புறம் பண்டைய அசீரிய அரண்மனை வாயில்களின் லமாசு சிற்பங்களை, அதாவது மனிதத் தலையும் இறக்கையும் கொண்ட காளை அல்லது சிங்கச் சிற்பங்களைப் பார்த்தேன். முன்னிருந்து பார்த்தால் நிற்கவும் பக்கவாட்டில் பார்த்தால் நடக்கவும் வேண்டும் என்று ஐந்து கால் செதுக்கியிருக்கிறார்கள், என்ன யோசனை! ஆனால் இறக்கை உடலோடு ஒட்டியே கிடக்கிறது. கிரேக்கத்தின் கிரீட் தீவிலுள்ள பழங்கால க்னோசாஸ் அரண்மனைச் சுவரோவியத்தின் கிரிஃபின்களுக்கோ இறக்கையே இல்லை.

இறக்கையைச் சின்னதாக்க எனக்கு மனமில்லை. பறக்கும் தசையை இந்த உடலில் எங்கே பிடிக்கவைத்தால் முன்காலும் இறக்கையும் இடிக்காமல் அசையும்?