ரிங்குக்குத் தமிழ்: மணியா, அடியா, சுற்றா?

ஈரோட்டிலிருந்து

எல்லோருக்கும் வணக்கமுங்க.

பழைய பென்டியம் கணினியில் வாய்ஸ் மோடத்தை (கணினியைத் தொலைபேசி லைனோடு இணைத்து, குரலையும் பதியும் கருவி) மாட்டி, ஆளில்லாத நேரத்தில் தொலைபேசியை அதுவே எடுத்துச் சேதி வாங்கி வைக்கும்படி அமைப்பதற்கான கையேடு தமிழில் தயாராகிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 98 நிரல்களுக்கும் லினக்ஸில் ஓடும் விஜெட்டி என்ற நிரலுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். போய்ச் சேரும் இடம் மஞ்சள் மண்டி, விசைத்தறிக் கூடம், தோட்டத்து வீடு. படிப்பவர்களுக்கு மோடம் புதுசு, தமிழ் புதுசல்ல. அதனால் சொல் தப்பினால் அமைப்பும் தப்பிவிடும்.

பெரும்பாலான சொற்கள் அமைந்துவிட்டன. எடுத்ததும் ஒலிக்கும் பதிவுக்கு முகமன். நிரலுக்குச் சேதிவாங்கி, ஒலிவாங்கி, இடிதாங்கி, சுமைதாங்கி இருக்கும் வரிசையில் இதுவும் உட்கார்ந்துகொள்கிறது. பதிலளிப்பான் என்ற சொல் வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம், அந்த நிரல் யாருக்கும் பதில் சொல்வதில்லை, சொன்னதை வாங்கிக்கொள்கிறது.

முட்டுவது ஒரே இடத்தில்தானுங்க. எத்தனை ரிங் போனபின் எடுக்க வேண்டும் என்ற வரியில் ரிங்குக்கு என்ன போடுவது?

மணி என்று போட்டால் ‘4 மணிக்குப் பிறகு எடுக்கும்’ என்று வருகிறது. படிப்பவர் சாயங்காலம் நாலு மணி என்றுதான் எடுத்துக்கொள்வார். மணிக்கணக்கு இன்னும் மோசம். அழைப்பு என்றால் ‘4 அழைப்புகளுக்குப் பிறகு’ ஆகிவிடும். நாலு பேர் கூப்பிட்டு ஓய்ந்தபின் ஐந்தாவது ஆளுக்குத்தான் எடுக்கும் போல என்று நினைக்க இடமிருக்கிறது. சிணுங்கல் பத்திரிகைக் கதைகளில் நன்றாக இருக்கும், எண்ணிக்கைக்கு ஒத்துவராது. துடிப்பை ஏற்கனவே பழைய டயல் முறைக்குக் கொடுத்துவிட்டோம். மணியொலி என்று போடலாமா? 4 மணியொலி?

பொள்ளாச்சியிலிருந்து

தம்பி, மணியொலி வேண்டாமுங்க. அதற்கான காரணம் இலக்கணத்தில் இல்லை, எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது.

நம் ஊர் லேண்ட்லைன் மணியைக் காது கொடுத்துக் கேளுங்க. டிரிங்-டிரிங், அப்புறம் அமைதி. 0.4 வினாடி அடிக்கிறது, 0.2 வினாடி நிற்கிறது, மறுபடி 0.4 அடிக்கிறது, 2 வினாடி ஓய்கிறது. மொத்தம் 3 வினாடி. அமெரிக்காவில் 2 வினாடி நீளமாக ஒரே அடி, 4 வினாடி ஓய்வு, மொத்தம் 6 வினாடி. இந்த மோடமும் நிரலும் அந்த 6 வினாடி ஊரை மனதில் வைத்துச் செய்தவை.

நிரலில் 4 என்று இருந்தால் அங்கே என்ன நடக்கும்? முதல் ரிங் 0ஆவது வினாடி, நாலாவது 18ஆவது வினாடி. வீட்டுக்காரர் எழுந்து வந்து எடுக்க 18 வினாடி கிடைக்கிறது. அதே 4ஐ இங்கே வைத்தால் நாலாவது 9ஆவது வினாடியில் வந்துவிடும். தென்னந்தோப்பில் நிற்கிற ஆள் வாசப்படி ஏறுவதற்குள் கணினி எடுத்துவிடும். அங்கே 4 கொடுக்கிற நேரத்தை இங்கே பெற 7 வைக்க வேண்டும். ஆறு முறை மூன்று, 18.

இத்தோடு முடியவில்லை. மணி மின்சாரம் வந்ததை உணர்ந்ததும் மோடம் கணினிக்கு ‘ரிங்’ என்று ஒரு வரி அனுப்பும். சேதிவாங்கி எண்ணுவது அந்த வரிகளைத்தான். நடுவில் இருக்கும் 0.2 வினாடி இடைவெளியைச் சில மோடங்கள் கண்டுகொள்ளாமல் இரண்டு அடியையும் ஒன்றாகக் கொள்ளும். சில மோடங்கள் தனித்தனியாக எண்ணும். தனித்தனியாக எண்ணுகிற மோடத்தில் 4 வைத்தால் நாலாவது அடி 3.6ஆவது வினாடி. ‘போன் ஒருதரம் அடிக்கிறதுக்குள்ள கம்ப்யூட்டர் எடுத்துக்குது’ என்று வரும் புகாரில் பெரும்பகுதி இதுதான். அந்த மோடத்தில் 18 வினாடி வேண்டுமென்றால் 13 வைக்க வேண்டும்.

அதனால் நமக்கு ஒரு சொல் போதாது. அடிக்கு ஒன்று, அடியும் ஓய்வும் சேர்ந்த முழுமைக்கு ஒன்று, ஆக இரண்டு வேண்டும். இங்கிலீஷில் இரண்டுக்கும் ரிங் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் குழப்பத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

கோவையிலிருந்து

அண்ணா சொல்வது ரொம்பச் சரி. அடியும் ஓய்வும் சேர்ந்து திரும்பத் திரும்ப வருவதற்குத் தமிழில் பெயர் ஏற்கனவே இருக்கிறது. தாளத்தில் ஆவர்த்தனம் என்பார்கள், தமிழில் வட்டணை. ஒரு வட்டணைக்குள் தட்டும் இருக்கும், வீச்சும் இருக்கும். தட்டாத இடமும் கணக்கில் சேரும். தொலைபேசி மணியும் அப்படித்தானே? அந்த 2 வினாடி அமைதியும் எண்ணிக்கையின் உறுப்பு. மணிவட்டணை என்று வைக்கலாம் என்பது என் கருத்து. அடிக்கு மணியடி போதும்.

இணை என்றும் யோசித்தேன், மணியிணை. ஆனால் இரண்டு அடி நம் ஊர் வழக்கு. ஒற்றை அடி உள்ள நாட்டுக்கு அந்தச் சொல் பொருந்தாது. கலைச்சொல் ஓர் ஊரின் எக்ஸ்சேஞ்சைப் பார்த்து அமையக்கூடாது.

திருப்பூரிலிருந்து

அக்கா, வட்டணை அழகான சொல்லுங்க. பனியன் கம்பெனி ஆபீஸில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இந்தத் திரையைப் படிப்பவருக்கு அது எட்டாது. வட்டணையை வட்டம் என்றும் வட்டாரம் என்றும் வாசிப்பார். அதே பொருளில் நாள்தோறும் வாயில் புழங்கும் சொல் சுற்று. சீட்டாட்டத்தில் சுற்று, கபடியில் சுற்று, ஏலத்தில் சுற்று. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று என்றால் நடுவில் ஓய்வு உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். மணிச்சுற்று.

இந்தச் சொல்லுக்கு இன்னும் இரண்டு இடத்தில் வேலை இருக்கிறது. வைத்துப் பார்த்தால் தாங்குகிறதா என்று தெரியும்.

ஒன்று, கட்டண மிச்சம். புதுச் சேதி இருந்தால் சீக்கிரம் எடு, இல்லாவிட்டால் தாமதமாக எடு என்ற அமைப்பு. வெளியூரிலிருந்து கூப்பிட்டுக் கேட்பவர், சீக்கிரம் எடுக்காவிட்டால் சேதி இல்லை என்று புரிந்து வைத்துவிடலாம், காசு போகாது. நிரல் வரும்போதே இது பெரும்பாலும் 2க்கும் 4க்கும் இருக்கும். இங்கே அது வெறும் 6 வினாடி வித்தியாசம். கூடவே ஒரு சங்கதி: கூப்பிடுபவர் காதில் கேட்கும் டிரிங்கும் இந்தப் பக்கம் அடிக்கும் மணியும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை, எக்ஸ்சேஞ்ச் இரண்டையும் தனித்தனியே கொடுக்கிறது. அவர் எண்ணிக்கை ஒன்று கூடலாம், குறையலாம். ஆகவே 3க்கும் 7க்கும் வையுங்க. அவர் காதில் 5 சுற்றுக் கேட்டால் வைத்துவிடலாம். ‘5 மணிச்சுற்றுக் கேட்டால் புதுச் சேதி இல்லை’ என்ற வரி தெளிவாகத்தான் நிற்கிறது.

இரண்டு, ஃபேக்ஸ். இங்கே பாதி லைன்களில் பகலில் பேச்சு, ராத்திரியில் ஃபேக்ஸ். இரு ஃபேக்ஸ் கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காண, ஃபேக்ஸ் பேச்சுக்கான டி.30 தரம் தரும் நேரம் 35 வினாடி, ஐந்து முன்பின். 7 மணிச்சுற்றில் 18 வினாடி, 15 வினாடி முகமன் என்றால் 33 ஆகிவிட்டது. அனுப்பும் கருவி கைவிடும் நிலைக்கு வந்துவிடும். ஃபேக்ஸும் வரும் லைனில் 4 மணிச்சுற்று, 8 வினாடிக்கு மேற்படாத முகமன். முகமனுக்குப் பின் 4 வினாடி சும்மா விடுங்க. கூப்பிடும் ஃபேக்ஸ் 1100 ஹெர்ட்ஸில் அரை வினாடி கூவி 3 வினாடி ஓய்கிறது. 4 வினாடி அமைதிக்குள் ஒரு முழுக் கூவலாவது மோடத்தின் காதில் விழுந்துவிடும். முகமன் பேச்சின் மேல் அது விழுந்தால் மோடம் தவறவிடுகிறது.

ஈரோட்டிலிருந்து

சுற்று பிடித்திருக்குங்க. ஒரே தயக்கம்: முந்தி ‘நம்பரைச் சுத்து’ என்று டயல் செய்வதற்குச் சொன்னோமே, அதோடு மோதாதா? கையேட்டில் டயல் செய்வதற்குச் சுழற்று என்று போட்டிருக்கிறது.

இன்னொரு இடத்திலும் இதே சொல் வரவேண்டியிருக்கிறது. மோடத்துக்குள்ளேயே எஸ்-0 என்று ஓர் எண் உண்டு. எத்தனை ரிங்குக்குப் பிறகு மோடம் தானாக எடுக்க வேண்டும் என்பது. அது 0ஆக இருக்க வேண்டும். அங்கே 0 என்றால் உடனே எடு என்று பொருளல்ல, எடுக்கவே எடுக்காதே என்று பொருள். அதில் 2 கிடந்தால் சேதிவாங்கி 7 வரை எண்ணுவதற்குள் மோடம் தானே எடுத்துத் தரவுக்கான கீச்சொலியை விடும். கூப்பிட்டவர் ஃபேக்ஸ் நம்பர் என்று வைத்துவிடுவார். ‘மோடம் தானாக எடுக்கும் மணிச்சுற்று: 0’ என்று வெறுமனே எழுதினால் போதாது போலிருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து

சுற்று மோதாதுங்க தம்பி. மணி முன்னால் நிற்கும்வரை யாரும் டயலை நினைக்கமாட்டார்கள். கோவை அக்காவின் வட்டணையை விட மனசில்லை. விளக்கத்தில் ஒருபொருட் சொல்லாகப் போட்டு வையுங்க, சொல் வாழட்டும்.

எஸ்-0க்கு எண்ணையே சொல்லாதீங்க. ‘மோடம் தானாக எடுப்பதை நிறுத்த’ என்று வேலையைச் சொல்லி, அதற்கான கட்டளையைக் கீழே கொடுங்க.

மோடம் அடியை எண்ணுகிறதா சுற்றை எண்ணுகிறதா என்று பார்க்கும் முறையையும் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். சேதிவாங்கியை நிறுத்திவிட்டு ஹைப்பர்டெர்மினலை (மோடத்துக்கு நேரே கட்டளை தட்டும் விண்டோஸ் நிரல்) திறந்து மோடம் இருக்கும் காம் போர்ட்டைத் தேர்ந்தெடுங்க. ஏடி (AT) என்று தட்டினால் ஓகே வர வேண்டும். வராவிட்டால் முதலில் ஐஆர்க்யூவை (ஒரு கருவி கணினியின் கவனத்தைக் கேட்கும் தட எண்) பாருங்க: காம் 1க்கும் காம் 3க்கும் ஒரே 4, காம் 2க்கும் காம் 4க்கும் ஒரே 3. சீரியல் மவுஸ் காம் 1இல் இருக்க, உள்ளே செருகிய மோடத்தின் ஜம்பர் காம் 3இல் இருந்தால் மவுஸை அசைத்ததும் மோடம் ஊமையாகிவிடும். ஓகே வந்தபின் கைப்பேசியிலிருந்து அந்த லைனைக் கூப்பிட்டு 30 வினாடி விடுங்க. திரையில் ‘ரிங்’ என்று 10 வரி வந்தால் சுற்றை எண்ணுகிறது. 20 வந்தால் அடியை எண்ணுகிறது. நடுவில் 14, 15 என்று கோணலாக வந்தால் மோடத்தைக் குறை சொல்லும் முன் லைனைப் பாருங்க. ஒரே லைனில் மூன்று நாலு போன்களை இணையாக மாட்டியிருந்தால் மணி மின்சாரம் மெலிந்து சில அடிகள் உணரப்படாமல் போகும். பிராட்பேண்ட் வரும் லைனாக இருந்தால் மோடத்துக்கு முன்னால் பில்ட்டர் இருக்கிறதா என்றும் பாருங்க, இல்லாவிட்டால் பதிவெல்லாம் இரைச்சலாக இருக்கும்.

ஏடி+ஜிசிஐ=53 (AT+GCI=53) என்பது மோடத்தை இந்தியாவுக்கு மாற்றும் கட்டளை. கணினிக்குள் பழைய ஐஎஸ்ஏ செருகிடத்தில் மாட்டும் மோடங்கள் பலவற்றில் இது கிடையாது, எரர் என்று வரும், பாதகமில்லை. ஏற்றுக்கொண்டால் மேலே சொன்ன 30 வினாடிச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

திருப்பூரிலிருந்து

அண்ணா, அந்தக் கட்டளையை விடாமல் போடச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டுங்க. கூப்பிட்டவர் வைத்தபின் லைனில் வரும் டூ-டூ ஒலி நம் ஊரில் 400 ஹெர்ட்ஸ், முக்கால் வினாடி ஒலி, முக்கால் வினாடி ஓய்வு. அமெரிக்க மோடம் எதிர்பார்ப்பது 480ம் 620ம் கலந்தது, அரை வினாடிக்கு அரை வினாடி. அடையாளம் தெரியாவிட்டால் அதையும் சேதி என்று நினைத்துப் பதிந்துகொண்டே இருக்கும். ஒலி இருப்பதால், அமைதி வந்தால் பதிவை நிறுத்தும் அமைதி உணர்வும் உதவாது. ஒரு சேதியின் உச்ச நேரத்தை 60 வினாடிக்குக் கட்டிவிடுவதுதான் வழி. வினாடிக்கு 7200 ஒலி மாதிரி, மாதிரிக்கு 4 பிட் என்ற முறையில் ஒரு வினாடிக்கு 3600 பைட். 60 வினாடிக்கு 2,16,000. இதே முறையில் சீரியல் போர்ட்டில், தொடக்கப் பிட்டும் முடிவுப் பிட்டும் சேர்ந்து பைட்டுக்கு 10 பிட் ஆவதால், வினாடிக்கு 36,000 பிட் போகும், 38,400 வேகம் மட்டுமட்டாகத் தாங்கும். 8000 மாதிரி, 8 பிட்டுக்குப் போனால் 80,000 பிட். 1,15,200 வேகமும், சீரியல் போர்ட்டில் 16550 சிப்பும் இல்லாமல் முடியாது. அதற்கு முந்தைய 16450 சிப்பில் இடையகம் ஒரே பைட், குரல் பொரிந்து பொரிந்து வரும்.

இந்த டூ-டூவுக்கும் ஒரு சொல் வேண்டும். பிஸி டோன் என்றால் அவர் வேறு யாருடனோ பேசுகிறார் என்று ஆகிவிடும். ‘வெச்சுட்டாங்க’ என்றுதானே சொல்கிறோம். வைப்பொலி?

ஈரோட்டிலிருந்து

வைப்பொலியை அடுத்த இழையில் பேசுவோமுங்க, அதில் வங்கி வைப்பு வந்து குறுக்கே நிற்கிறது. மணிச்சுற்றுக்குக் கையேட்டில் போகவிருக்கும் வரிகள் இவை:

மணியடி: மணி ஒருமுறை இடைவிடாமல் ஒலிப்பது. நம் லைன்களில் 0.4 வினாடி.

மணிச்சுற்று: மணியடியும் அதைத் தொடரும் ஓய்வும் சேர்ந்து மீண்டும் மணி தொடங்கும் வரையுள்ள காலம், வட்டணை என்றும் சொல்லலாம். நம் லைன்களில் இரண்டு மணியடி கொண்டது, 3 வினாடி.

திரையில்: ‘எத்தனையாவது மணிச்சுற்றில் எடுக்க வேண்டும்? 7 (மணி தொடங்கி 18 வினாடி). உங்கள் மோடம் மணியடியை எண்ணுவதாக இருந்தால் 13.’

‘பிறகு’ என்று இருந்ததை ‘எத்தனையாவது’ என்று மாற்றியிருக்கிறது. ஏழாவது சுற்று தொடங்கியதுமே எடுத்துவிடும், முடியும்வரை காத்திருக்காது. பிறகு என்று போட்டால் 21 வினாடி என்று கணக்குப் போடுவார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து

அந்த மாற்றம் நல்லதுங்க தம்பி. அடைப்புக்குள் இருக்கும் வினாடியை நிரலே கணக்கிட்டுக் காட்டட்டும், கையால் எழுத வேண்டாம். சுற்றின் எண்ணில் ஒன்றைக் கழித்து மூன்றால் பெருக்கினால் போதும், மணியடி எண்ணாக இருந்தால் ஒன்றரையால். மணியடி மோடத்துக்கு ஒற்றைப்படை எண்ணை மட்டும் ஏற்கச் சொல்லுங்க. இரட்டைப்படை எண் சுற்றின் இரண்டாவது அடியில் விழும், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. முதல் அசை விழுங்கப்படாமல் இருக்க, எதற்கும் முகமன் பதிவின் தொடக்கத்தில் ஒரு வினாடி அமைதி விட்டுப் பதியச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்க.