புதுப்பிப்பு: தாவர உணவுக்கு மாறி ஆறு மாதம்

இறைச்சி, முட்டை, பால் மூன்றையும் வீட்டில் நிறுத்தப் போகிறோம், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். "வைட்டமின் பி12 மாத்திரையை மறக்காதீர்கள்" என்று பலர் எழுதினீர்கள். மறக்கவில்லை, அலட்சியப்படுத்தினேன். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு இருக்குமே, என்ன அவசரம் என்று நினைத்தேன். அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோதுதான் உறைத்தது. வயது ஏறும்போது உணவிலிருந்து பி12 உறிஞ்சும் திறன் குறையலாம். அவருடைய இருப்பு முன்பே கரைந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை வெறும் 2.4 மைக்ரோகிராம். அந்தத் துளியும் காய்கறியில் கிடைக்காது. மருத்துவரைக் கேட்டு இப்போது நால்வரும் மாத்திரை எடுத்துக்கொள்கிறோம்.

இரும்புச்சத்துக்காகப் பருப்பின் மேல் எலுமிச்சை பிழிகிறோம். வைட்டமின் சி அதை உடலில் சேர்க்க உதவும். தேநீர் தடுக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோப்பை. அப்பா அந்த ஒரு மணி நேரமும் கடிகாரத்தை முறைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டினரும் ஆர்வம் காட்டினார்கள். மாதம் ஒருமுறை சேர்ந்து சமைக்கிறோம். முதல் மாதம் வந்ததில் பாதி எண்ணெயில் பொரித்தவை. அதுவும் தாவர உணவுதானே என்றார்கள்! மறுமாதம் பயறுகளை முதல் நாள் இரவே நான் ஊறவைத்துவிட்டேன்.

மகன் நண்பன் வீட்டில் முட்டை சாப்பிடுகிறான். தெரியும், கேட்பதில்லை.