'அபார்ட்' என்பதற்குத் தமிழில் என்ன?

கோத்தகிரி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்கு, வீரர்களை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டம் பற்றிப் பதாகைகள் எழுதுகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் கோவை அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். 'அபார்ட்' (abort) என்ற ஆங்கிலச் சொல் ஒன்றுதான் தமிழ் கிடைக்காமல் நிற்கிறது. 'கைவிடல்' என்று எழுதி ஏழாம் வகுப்பில் படித்துக் காட்டினேன். ஒரு பெண் எழுந்து, "அப்போ உள்ளே இருக்கிறவங்களை விட்டுடுவாங்களா டீச்சர்?" என்றாள். நடப்பது நேர் எதிர் அல்லவா? ராக்கெட்டில் கோளாறு என்றால் வீரர்கள் இருக்கும் கலனை மட்டும் பிய்த்துக்கொண்டு போய்க் கடலில் பத்திரமாக இறக்கத்தானே இத்தனை ஏற்பாடும்!

குன்னூர்:
அம்மா, அந்தப் பெண் கேட்டது நியாயம். கைவிடுவது பயணத்தை, ஆளை அல்ல. ஆளைச் சொல்லும் சொல் வேண்டும். 'உய்வு' என்று வையுங்கள். "உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு" என்பதைப் படிக்காத பிள்ளை உண்டா? உய்தல் என்றால் பிழைத்தல். உய்த்தல் என்றால் கொண்டு செலுத்துதல். கலனை இழுத்துச் சென்று உயிர் காக்கும் பொறிக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன. உய்வுக் கோபுரம், உய்வு மோட்டார், ஏவுதள உய்வுச் சோதனை என்று எதனோடும் ஒட்டும்.

ஊட்டி:
குறளில் இருப்பதெல்லாம் வகுப்பறையில் புழங்கிவிடாது ஐயா. என் பேத்திக்கு உய்வு என்றால் மனப்பாடச் செய்யுள்தான். 'தப்பிப்பு' என்றால் சந்தைக் கடையில் இருப்பவருக்கும் புரியும்.

கூடலூர்:
குறளுக்குப் போவதென்றால் 'ஏமப்புணை' இருக்கிறதே! "இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்." ஏமம் என்றால் காவல், புணை என்றால் தெப்பம். வங்கக் கடலில் வந்து மிதக்கும் கலனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? ஆளில்லாமல் வியோமமித்ரா என்ற ரோபோ செல்லும் பயணத்துக்கும் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று புறநானூற்றிலேயே இருக்கிறது; வலவன் என்றால் ஓட்டுபவர்.

ஊட்டி:
புணை கலனுக்குப் பெயர். டீச்சர் கேட்பது செயலுக்கு. வலவனை இன்னொரு நாள் பார்க்கலாம்.

முத்தோரை:
செயல் என்றாலும் இங்கே இரண்டு இருக்கின்றன. 2023 அக்டோபர் 21 காலை, ஆளில்லாமல் நடந்த ககன்யான் சோதனையில், ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவலுக்கு 5 விநாடி முன்பு கணினி எல்லாவற்றையும் நிறுத்தியது. கோளாறைச் சரிசெய்து 10 மணிக்கு ஏவினார்கள். அது 'நிறுத்தம்'. பிறகு ஏறத்தாழ 12 கி.மீ. உயரத்தில், ஒலியைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, தப்பும் பொறி கலனை ராக்கெட்டிலிருந்து இழுத்துப் பிரித்தது, பாராசூட்டுகள் விரிந்தன, கடற்படை கலனை மீட்டது. நீங்கள் பெயர் தேடுவது இதற்கு. 'மீட்பு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கடலிலிருந்து எடுப்பதற்கு அது வேண்டும். 2018 ஜூலை 5 சோதனையில் கலன் ஏவுதளத்திலிருந்தே கிளம்பி 259 விநாடியில் எல்லாம் முடிந்தது. அங்கே கைவிடப் பயணமே இல்லை, ஆகவே 'பயணம் கைவிடல்' என்றும் எழுத முடியாது.

கூடலூர்:
ககன்யான் வீரர் நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், நம் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படித்தவர். பதாகையில் கட்டாயம் சேருங்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
சேர்த்துவிட்டேன் அண்ணா. முத்தோரை ஐயா பிரித்துக் காட்டியதால் தெளிவு கிடைத்தது. ஏவுமுன் விநாடிகளை எண்ணுவதைப் பாதியில் நிறுத்துவது 'நிறுத்தம்'. கலனை இழுத்துச் செல்வது 'அவசரத் தப்பிப்பு'. நேற்று வகுப்பில் இரண்டையும் சொன்னேன், யாரும் பொருள் கேட்கவில்லை. பெரும்பாலோர் கருத்தும் இதுதான் என்பதால் அச்சுக்கு அனுப்புகிறேன்.

குன்னூர்:
அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் தப்பிப்பு என்றால் தானாக ஓடுவது. இங்கே வீரர்கள் இருக்கையில் கட்டுண்டு கிடக்க, பொறிதான் அவர்களைக் கொண்டுபோகிறது. 1983இல் சோயுஸ் ராக்கெட் ஏவுதளத்திலேயே தீப்பிடித்தபோது உள்ளே இருந்த இருவரும் பிழைத்தது அப்படித்தான். அதற்கு உய்வுதான் சொல். சிறு எழுத்தில், அடைப்புக்குறிக்குள்ளாவது 'உய்வு' என்று போடுங்கள் அம்மா.

ஊட்டி:
அடைப்புக்குறி வேண்டாம்.