கேலனை அரபிக்குக் கொண்டுவந்த ஹுனைன், நடுவில் சுரியானிக்கு ஏன் போனார்?

தேடல்ராசா:
9ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் கிரேக்க மருத்துவமும் தத்துவமும் அரபிக்குப் போன கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் வந்து நிற்கிறார். 808 வாக்கில் ஈராக்கின் ஹீராவில் பிறந்தவர், நெஸ்டோரியன் சபைக் கிறிஸ்தவர், கலிஃபாவின் மருத்துவர், எல்லாம் சரி. ஆனால் பழைய கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களில் பாதிக்கு மேல் அவர் சுரியானியில்தான் (அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் ஏட்டு மொழி, அரமைக்கின் ஒரு வடிவம்) பெயர்த்தாராம், அப்புறம்தான் அரபியாம். கிரேக்கமும் தெரியும், அரபியும் தெரியும் என்கிறபோது ஒரே வேலையை எதற்கு இரண்டு தடவை செய்ய வேண்டும்? அப்படியே இன்னொன்று: புத்தகத்தின் எடைக்கு எடை தங்கம் வாங்கினார் என்கிறார்களே, நிஜமா, கட்டுக்கதையா?

பழையஏடு:
நண்பரே, யார் கேட்டார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். அலீ இப்னு யஹ்யா என்பவருக்கு ஹுனைனே எழுதிய நீண்ட கடிதம் ஒன்று இருக்கிறது. கேலனின் 129 நூல்களை வரிசையாகச் சொல்லி, இதை முன்பு யார் பெயர்த்தார், அது தேறுமா தேறாதா, நான் எப்போது செய்தேன், யாருக்காகச் செய்தேன் என்று கிட்டத்தட்ட கணக்குப் புத்தகம் மாதிரி எழுதி வைத்திருக்கிறார். அதில் சுரியானி கேட்டவர்களைப் பாருங்கள்: ஜிப்ரீல் இப்னு புக்தீஷூ, சல்மவைஹ், யூஹன்னா இப்னு மாசவைஹ். எல்லாரும் கிறிஸ்தவ மருத்துவர்கள். அவர்கள் மருத்துவம் படித்ததே சுரியானியில், சீடர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதே மொழியில். அரபி கேட்டது பனூ மூசா சகோதரர்கள் போன்ற பணக்கார முஸ்லிம் அறிஞர்கள். ஆக, ஒரே வேலையை வீணாக இரண்டு தடவை செய்யவில்லை, இரண்டு வகை வாசகர்கள் இருந்தார்கள்.

அது போக, சுரியானிக்கு இந்தத் தொழிலில் பழக்கம் அதிகம். 536இல் இறந்த, ரேஷ் ஐனா ஊர்க்காரரான செர்ஜியஸ் அப்போதே கேலனைச் சுரியானியில் பெயர்த்துவிட்டார் (ஹுனைன் அவரை விட்டுவைக்கவில்லை, பல இடங்களில் சரியில்லை என்று போட்டுத் தாக்குகிறார்). அரபியில் மருத்துவ உரைநடை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. ஹுனைன் சுரியானியில் முடித்துக் கொடுத்ததை அக்காள் மகனோ அண்ணன் மகனோ, உறவுக்காரப் பையன் ஹுபைஷ் அரபியாக்குவார், ஹுனைன் திருத்துவார். ஒரு வீட்டுப் பட்டறை என்றே வைத்துக்கொள்ளலாம். மகன் இஸ்ஹாக்கின் கை அரிஸ்டாட்டில், கணிதம் பக்கம் அதிகம். அவர் பெயர்த்த யூக்ளிடின் வடிவியல் நூலைக் கணித அறிஞர் தாபித் இப்னு குர்ரா திருத்தினார்.

கருப்புமை:
தங்கக் கதைக்கு வருகிறேன், எனக்கு அதில்தான் ருசி. 13ஆம் நூற்றாண்டில் மருத்துவர்களின் வரலாறு எழுதிய இப்னு அபீ உசைபிஆ, ஹுனைனின் எழுத்தர் எழுதிய பிரதிகளைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். பெரிய பெரிய கூஃபி எழுத்து (கோணல் கோணலான பழைய அரபி எழுத்து வகை), தடித்த கோடு, வரிக்கு வரி தாராளமாக இடம், தாளோ தன் காலத்துத் தாளைப் போல மூன்று நான்கு மடங்கு கனம். ஏனென்றால் ஹுனைனுக்கு எடைக்கு எடை வெள்ளி திர்ஹம் கிடைத்ததாம், அதனால் வேண்டுமென்றே புத்தகத்தை ஊதிப் பெரிதாக்கினாராம்! கலிஃபா மஃமூன் தங்கம் கொடுத்தார் என்பதும் அதே நூலில் வருகிறது. நடந்து நானூறு வருடம் கழித்து எழுதியது, அதனால் பணத்தை நான் அப்படியே நம்ப மாட்டேன். தாளை நம்புவேன், அது அவர் கையில் பிடித்துப் பார்த்தது. அந்தக் கனத்தால்தான் இவை இத்தனை காலம் தாங்கின என்றும் அவரே சொல்கிறார்.

ஊர்சுற்றி:
ஹுனைன் பாக்தாத் 'ஞான இல்லம்' என்ற பல்கலைக்கழகத்தின் தலைவர், அங்கே உட்கார்ந்துதான் எல்லாம் செய்தார் என்று காணொளிகளில் சொல்கிறார்களே, அதை யாரும் சொல்லவில்லையே?

பழையஏடு:
வேண்டுமென்றேதான் சொல்லவில்லை தோழர். அந்தக் கடிதத்தில் நோயாளி, புரவலர், சீடன், ஊர் ஊராக அலைந்தது எல்லாம் வருகிறது, ஞான இல்லம் என்ற பேச்சே இல்லை. அப்படி ஒரு பெரிய நிறுவனத்தை நடத்தியிருந்தால் ஒரு வரியாவது எழுதியிருப்பார்.

எனக்கு அந்தக் கடிதத்தில் பிடித்த இடம் வேறு. இருபது வயது வாக்கில், பிழை மலிந்த ஒரே ஒரு கிரேக்கப் பிரதியை வைத்துக் கேலனின் 'மருத்துவப் பிரிவுகள்' நூலைச் சுரியானியில் பெயர்த்தார். நாற்பது வயதில் ஹுபைஷ் அதைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கிறார். அதற்குள் பல பிரதிகள் கையில் சேர்ந்திருந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதலில் சரியான கிரேக்கப் பாடத்தை நிலைநிறுத்துகிறார், அதன் பிறகுதான் தன் பழைய சுரியானியை அதோடு வைத்துத் திருத்துகிறார். எதைப் பெயர்த்தாலும் இதுதான் என் வழக்கம் என்கிறார். இன்றைக்குப் பதிப்பாசிரியர்கள் செய்வதும் இதே வேலைதான். கேலனின் 'நிரூபணம்' என்ற நூலுக்காக மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்தில் அலெக்சாந்திரியா வரை தேடிப் போனார். கிடைத்தது டமாஸ்கஸில், அதுவும் பாதி அளவுதான், ஒழுங்கு குலைந்த நிலையில்.

தேடல்ராசா:
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. கேலனும் அவருக்கு முந்திய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டிஸும் அப்பல்லோ, அஸ்க்லீப்பியஸ் என்று தெய்வங்கள் பேரில் சத்தியம் செய்கிறார்களே, ஒரு கிறிஸ்தவர் முஸ்லிம் வாசகருக்கு அதை எப்படிக் கொடுத்தார்? இத்தனை சிரமத்தில், கிரேக்கத்தில் தொலைந்து அரபியில் மட்டும் மிஞ்சியது ஏதாவது உண்டா?

கருப்புமை:
அந்தக் காலத்து அரபிப் பிரதிகளில் ஹிப்போகிராட்டிஸின் மருத்துவ உறுதிமொழி 'வாழ்வுக்கும் சாவுக்கும் அதிபதியான இறைவன்' மீது தொடங்குகிறது. அஸ்க்லீப்பியஸ் பெயர் விடாமல் இருக்கிறது, மற்ற தெய்வங்கள் இருந்த இடத்தில் இறைவனின் நேசர்கள். இரு சமயத்தாரும் முகம் சுளிக்காமல் படிக்கலாம்.

மிஞ்சியதற்கு நல்ல உதாரணம் கேலனின் 'உடற்கூறு செய்முறைகள்'. மொத்தம் 15 பாகம். கிரேக்கத்தில் 9ஆம் பாகத்தின் நடுவிலேயே அறுந்துவிடுகிறது. கண், நாக்கு, குரல்வளை, மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகள் என்று அதற்கு மேல் உள்ளதெல்லாம் இந்தப் பட்டறையின் அரபியில்தான் இருக்கிறது.