ஜிம்னியா, ஃபாரஸ்டரா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் காரின் சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) தீபாவளிக்கு முன் முடிகிறது. அடுத்தது ஃபோர் வீல் டிரைவ்தான். சுசூகி ஜிம்னியா, சுபாரு ஃபாரஸ்டரா என்பதில்தான் குழப்பம்.

மச்சானின் ஜிம்னியை ஒரு வாரம் ஓட்டினேன். ஜோகூரில் டுரியான் தோட்டத்துச் சேற்றில் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர்) போட்டதும் உழவுமாடு மாதிரி ஏறியது. திரும்பி வந்தபோது மழைக்காகப் போட்ட 4எச்சை (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) எடுக்க மறந்து ஈசூன் கார்பார்க்கில் வளைத்தேன். டயர் கிறீச்சிட்டு, யாரோ பின்னால் இழுப்பது போல வண்டி திணறியது. முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாதே! வளைவில் முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் சுற்ற வேண்டும். காய்ந்த தரையில் டயர் வழுக்கிக் கொடுக்காது.

ஃபாரஸ்டரில் அந்தத் தொல்லை இல்லை. தரை இடைவெளியும் 220 மி.மீ., ஜிம்னிக்கு 210தான். ஆனால் லோ ரேஞ்ச் இல்லை, மூக்கும் நீளம். ஜிம்னியிலோ பின்சீட்டை நிமிர்த்தினால் மார்க்கெட் பை வைக்கக்கூட இடமில்லை. அம்மா பின்னால் ஏறுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

வருடத்தில் நாலு முறை சேறு, மற்ற நாளெல்லாம் பிஐஇ விரைவுச்சாலை. ஃபாரஸ்டரைத் தோட்டத்துப் பாதையில் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? எங்கே சிக்கியது? நல்ல டயர் மட்டும் மாற்றினால் போதுமா?